தெற்கு எதற்காகப் பிரிந்தது? அமெரிக்க உள்நாட்டுப் போர்: கேள்வி பதில்

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி (1861–65) கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

ஐயா, அந்தப் போர் மாநில உரிமைக்காக நடந்தது, அடிமைமுறை வெறும் சாக்கு என்கிறார்களே? (கல்லூரி மாணவர்)

தம்பி, அமெரிக்காவிலிருந்து பிரிந்து போன தென் மாநிலத்தவர்களே எழுதிவைத்ததைப் படியுங்கள். தங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுக்கப் பிணைந்தது என்று மிசிசிப்பி மாநிலம் 1861 ஜனவரியில் வெளியிட்ட பிரகடனம் தொடக்கத்திலேயே சொல்கிறது. கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்று தெற்கின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் அதே ஆண்டு மார்ச்சில் மேடையிலேயே பேசினார். இதைவிட வெளிப்படையாக எவர் சொல்ல முடியும்?

மாநில உரிமை வாதத்துக்கும் ஒரு சோதனை இருக்கிறது. தப்பியோடும் அடிமையைப் பிடித்துக்கொடுக்கும்படி வட மாநிலங்களைக் கட்டாயப்படுத்திய 1850ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கேட்டு வாங்கியது தெற்குதான். அப்போது வடக்கின் மாநில உரிமை அவர்கள் கண்ணில் படவில்லை.

எந்தெந்த மாநிலம் எந்தப் பக்கம்?

பிரிந்தவை 11. முதலில் போனது தென் கரோலினா, 1860 டிசம்பர் 20 அன்று. ஆனால் டெலாவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசூரி ஆகிய நான்கும் அடிமைமுறையை வைத்துக்கொண்டே வடக்கோடு நின்றன. பிரிந்த பகுதிகளின் அடிமைகளுக்கு விடுதலை அறிவித்த அதிபர் லிங்கனின் 1863 பிரகடனம் அந்த நான்கைத் தொடவில்லை. கென்டக்கியிலும் டெலாவேரிலும் எஞ்சியிருந்த அடிமைகளுக்கு 1865 டிசம்பரில் அடிமைமுறையை ஒழித்த 13ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்தம் வந்த பிறகே விடுதலை.

அப்படியானால் லிங்கன் அடிமைகளை விடுவிக்கப் போர் தொடங்கவில்லையா?

போரைத் தொடங்கியதே அவர் அல்ல. 1861 ஏப்ரல் 12 அன்று, தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் அப்போது வடக்கின் வசமிருந்த சம்டர் கோட்டையின் மீது முதலில் குண்டு வீசியது தெற்கு. நாட்டை உடையாமல் காப்பதே லிங்கனின் தொடக்க நோக்கம். அதை மாற்றியதில் அடிமைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன். பாடப்புத்தகங்கள் இவர்களை இரண்டு வரியில் தாண்டிவிடுகின்றன.

போர் மூண்டு ஒரே மாதத்தில், வர்ஜீனியாவில் மூன்று அடிமைகள் இரவோடு இரவாகப் படகேறி வடக்கின் வசமிருந்த மன்றோ கோட்டையை அடைந்தார்கள். அவர்களைத் திருப்பிக் கேட்டு மறுதரப்பு ஆள் அனுப்பியது. கோட்டைத் தளபதி பட்லர் தொழிலால் வழக்கறிஞர். வர்ஜீனியா தன்னைத் தனி நாடு என்கிறதே, பிறகு தப்பியோடும் அடிமையைத் திருப்பித்தரச் சொல்லும் அமெரிக்கச் சட்டத்தை எப்படித் துணைக்கு அழைக்கலாம் என்று மறுத்துவிட்டார். செய்தி பரவியது. மூன்று பேர் சில மாதங்களில் நூற்றுக்கணக்கானார்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒருவரைக் காட்டுங்கள். (ஓர் ஆசிரியை)

ராபர்ட் ஸ்மால்ஸ், அம்மா. சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் 'பிளான்டர்' என்ற தெற்குப் படைக் கப்பலை ஓட்டிய 23 வயது அடிமை. 1862 மே 13 அதிகாலை, வெள்ளை அதிகாரிகள் கரையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்மால்ஸ் கப்பலைக் கிளப்பினார். வேறொரு துறையில் காத்திருந்த மனைவி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டார். கேப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் வைத்து, கேப்டன் நிற்பதைப்போலவே நின்றார். ஒவ்வொரு கோட்டையையும் கடக்கும்போது சங்கேத ஊதலைப் பிசகாமல் கொடுத்தார். சம்டர் கோட்டையின் பீரங்கிகளுக்கு அடியிலும் அப்படியே. பீரங்கி எட்டாத தூரம் வந்ததும் தெற்கின் கொடியை இறக்கி, ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றினார்கள். வடக்கின் கடற்படை சுடாமல் விட்டது அந்த விரிப்பால்தான்.

கறுப்பின வீரர்களை வடக்கு சமமாக நடத்தியதா?

இல்லை. சுமார் 1,80,000 பேர் படையில் சேர்ந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர்; இவர்களுக்கு 10, அதிலும் உடைக்கு 3 டாலர் பிடித்தம். மாசசூசெட்ஸின் 54ஆவது படைப்பிரிவு அந்தச் சம்பளத்தைத் தொட மறுத்தது. வித்தியாசத்தைத் தாங்களே தருவதாக மாநில அரசு சொன்னபோதும் மறுத்தார்கள். சம்பளமே வாங்காமல் 1863 ஜூலையில் தெற்கின் வாக்னர் கோட்டை மீது பாய்ந்து செத்தார்கள். அடுத்த ஆண்டு ஜூனில்தான் நாடாளுமன்றம் சமச் சம்பளம் தந்தது. வடக்கு நியாயத்தின் பக்கம் நின்றது என்று சொல்லும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் ஊருக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, பருத்தி. தெற்கின் துறைமுகங்களை வடக்கு முற்றுகையிட்டதும் இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைகளுக்குப் பஞ்சு நின்றது. திருநெல்வேலி, கோயம்புத்தூர்ப் பருத்திக்கு விலை மளமளவென்று ஏறி, போர் முடிந்ததும் சரிந்தது.

ஸ்மால்ஸ் பிறகு என்ன ஆனார்? (அதே ஆசிரியை)

நாடாளுமன்ற உறுப்பினரானார், ஒரு முறையல்ல, பல முறை. போஃபோர்ட் ஊரில் எந்த எஜமானர் வீட்டின் பின்கட்டுக் குடிசையில் அடிமையாகப் பிறந்தாரோ, அந்த வீடு வரி பாக்கிக்காக ஏலத்துக்கு வந்தபோது அவரே வாங்கினார். 1915இல் அந்த வீட்டில்தான் இறந்தார்.