லீட்ரிம் கவுன்ட்டி எப்படிப்பட்ட இடம்? அதன் முக்கிய ஊர் எது?

அயர்லாந்திலேயே மக்கள்தொகை மிகக் குறைந்த கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) லீட்ரிம்தான். 2022 கணக்கெடுப்பில் சுமார் 35,000 பேர். 1841-இல் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் இருந்தார்கள்! 1840-களில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்ததால் வந்த பஞ்சமும், தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த புலம்பெயர்வும் கிராமங்களைக் காலி செய்துவிட்டன. இதைத் தெரிந்துகொள்ளாமல் லீட்ரிமைப் புரிந்துகொள்ளவே முடியாது என்பேன். களிமண் பூமி, மழைநீர் எளிதில் இறங்காது. அதனால் உழவைவிட மாடு வளர்ப்புதான் அதிகம். கடற்கரை நான்கைந்து கிலோமீட்டர்.

முக்கிய ஊர் ஷானன் ஆற்றங்கரையில் உள்ள காரிக்-ஆன்-ஷானன். 1994-இல் ஷானன்–எர்ன் கால்வாய் மீண்டும் திறந்தபின் படகுச் சுற்றுலா களைகட்டியது. போனால் காஸ்டெல்லோ நினைவு தேவாலயத்தைத் தவறவிடாதீர்கள். எட்வர்ட் காஸ்டெல்லோ என்ற வணிகர் இறந்துபோன தன் மனைவிக்காகக் கட்டியது. உள்ளே சில எட்டு வைத்தால் எதிர்ச்சுவர் வந்துவிடும். நடைபாதையின் இருபுறமும், தரைக்குள், தடித்த கண்ணாடிக்கு அடியில் கணவன் மனைவி இருவரின் சவப்பெட்டிகளும் இருக்கின்றன.