அண்ணன் எழுதி வைத்த வீடு: நியூ ஜெர்சியில் ப்ரோபேட்டும் வரியும்

கேள்வி: நியூ ஜெர்சியில் வசித்த, அமெரிக்கக் குடியுரிமை பெற்ற என் அண்ணன் 2025 அக்டோபரில் காலமானார். அவருக்குத் திருமணமாகவில்லை. உயிலில் என்னையே எக்ஸிக்யூட்டராக (உயிலை நிறைவேற்றுபவராக) நியமித்து, வீட்டை எனக்கும், வங்கியிலுள்ள 90,000 டாலர், சேலத்திலுள்ள மனை உட்பட எஞ்சிய அனைத்தையும் ஊரிலிருக்கும் அம்மாவுக்கும் எழுதியிருக்கிறார். சுமார் 2,00,000 டாலர் உள்ள 401(கே) ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குக்கு 24 வயதான என் மகனை வாரிசாகக் குறிப்பிட்டிருக்கிறார். வீட்டின் மதிப்பு 5,60,000 டாலர். அதன் மேல் 1,20,000 டாலர் கடன் பாக்கி. நானும் இதே மாநிலத்தில்தான் வசிக்கிறேன். எல்லாவற்றிலும் 40 சதவீதம் வரிக்கே போய்விடும் என்கிறார்கள் நண்பர்கள். வக்கீல் அவசியமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்லும் 40 சதவீதம் கூட்டரசின் எஸ்டேட் வரி விகிதம்; எஸ்டேட் என்பது இறந்தவர் விட்டுச்சென்ற மொத்தச் சொத்து. அது உங்களைத் தொடாது. 2025இல் இறந்த ஒருவரின் மொத்தச் சொத்து 1 கோடியே 39 லட்சத்து 90 ஆயிரம் டாலரைத் தாண்டினால்தான் அந்த வரிக்கே வேலை வரும். 2026 ஜனவரி முதல் இறப்பவர்களுக்கு அந்த வரம்பு ஒன்றரைக் கோடி டாலர். நியூ ஜெர்சியும் தனக்கென்று வைத்திருந்த எஸ்டேட் வரியை 2018 தொடக்கத்திலேயே ஒழித்துவிட்டது. ஆனால் இதைக் கேட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். உங்கள் குடும்பத்துக்கு வரப்போவது இன்னொரு வரி. அதைப் பற்றி உங்கள் நண்பர்கள் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

அது இந்த மாநிலத்தின் மரபுரிமை வரி. எஸ்டேட் வரி இறந்தவர் எவ்வளவு வைத்துவிட்டுப் போனார் என்று பார்க்கிறது. மரபுரிமை வரியோ, பெறுபவர் இறந்தவருக்கு என்ன உறவு என்று பார்க்கிறது. வாழ்க்கைத் துணை, பெற்றோர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் ஆகியோருக்கு வரியே இல்லை. ஆகவே உங்கள் அம்மாவுக்கு இல்லை, அவர் எந்த நாட்டில் இருந்தாலும். உடன்பிறந்தவர்களுக்கு முதல் 25,000 டாலருக்கு விலக்கு உண்டு. அதற்கு மேல் 11 சதவீதத்தில் தொடங்குகிறது. அண்ணன் மகன், தங்கை மகன் போன்றவர்கள் சட்டத்தின் பார்வையில் அந்நியர்களுக்குச் சமம்; அவர்களுக்கு 25,000 டாலர் விலக்கும் இல்லை, விகிதமும் 15 சதவீதத்தில் தொடங்குகிறது. தாய்மாமன் உறவை எவ்வளவு பெரிதாக வைத்திருக்கிறோம் என்பது வரித்துறைக்குத் தெரியாது.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். வீட்டு மதிப்பில் கடனைக் கழித்தால் 4,40,000 டாலர்; விலக்கு 25,000 போக 4,15,000; அதில் 11 சதவீதம் 45,650 டாலர். உங்கள் மகனுக்கு வரும் 2,00,000 டாலருக்கு 15 சதவீதம் 30,000 டாலர். ஈமச் செலவும் நிர்வாகச் செலவும் கழிக்கத்தக்கவை என்பதால் இறுதித் தொகை சற்று மாறலாம். 401(கே) உயிலின் வழியாக வராமல் நேரடியாகப் போகிறதே, அதற்கும் வரியா என்று கேட்பீர்கள். ஆம். ப்ரோபேட்டில், அதாவது உயிலை அதிகாரபூர்வமாக ஏற்று நிறைவேற்றும் நடைமுறையில், சேராத சொத்து என்பதால் வரியில் சேராத சொத்து ஆகிவிடாது. பெயர் குறிப்பிட்ட வாரிசுக்குப் போகும் ஆயுள் காப்பீட்டுத் தொகைக்கு விதிவிலக்கு உண்டு. அது போக, மகன் அந்தப் பணத்தை எடுக்கும்போது அவருடைய வருமானமாகக் கணக்கிட்டு வருமான வரியும் கட்ட வேண்டும். பத்து ஆண்டுகளுக்குள் முழுவதையும் எடுத்துவிட வேண்டும் என்ற விதியும் உண்டு. ஒரே ஆண்டில் மொத்தமாக எடுத்துவிடாமல் பிரித்து எடுக்கச் சொல்லுங்கள்.

ஆக மொத்தம் 75,650 டாலர். இதை யார் கட்டுவது? இதற்காகவே ஒரு வக்கீலைப் பாருங்கள் என்பேன். உயில் ஒன்றும் சொல்லாவிட்டால் அவரவர் வரி அவரவர் பங்கின் மேல் விழும்: நீங்கள் 45,650, மகன் 30,000. ஆனால் அச்சுவார்ப்பாக எழுதப்படும் பல உயில்களின் பின்பக்கத்தில் ஒரு வாக்கியம் ஒளிந்திருக்கும். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி: ‘இந்த உயிலின் வழியாகவோ வேறு எவ்வழியிலோ சென்றடையும் சொத்துகள் அனைத்தின் மீதுமான மரண வரிகளை எஞ்சிய சொத்திலிருந்து செலுத்துக.’ எஞ்சிய சொத்து உங்கள் அம்மாவுடையது. அந்த வாக்கியம் உங்கள் அண்ணனின் உயிலில் இருந்தால், வரியே இல்லாத அம்மாவின் 90,000 டாலரிலிருந்து உங்கள் வரியும் உங்கள் மகனின் வரியும் போய், கடன்களையும் செலவுகளையும் கணக்கிடும் முன்பே அவர் கையில் 14,350 டாலர்தான் நிற்கும். உங்கள் அண்ணன் அதை எண்ணிக் கையெழுத்திட்டிருப்பார் என்று நான் நம்பவில்லை. அப்படி இருந்தால், வரிச் சுமையை நீங்களும் மகனும் ஏற்றுக்கொள்வதாக ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ள முடியும். அதன் வாசகத்தை வக்கீல் அமைக்க வேண்டும். அந்த வாக்கியம் இல்லையென்றால் வேறொரு சிக்கல்: உங்களுக்கு வருவது வீடு, கேட்கப்படுவது ரொக்கம். வீட்டை விற்பதா, கடன் வாங்குவதா, சேமிப்பிலிருந்து கட்டுவதா என்பதை இப்போதே யோசிக்க வேண்டும்.

ஏனென்றால் கெடு எட்டு மாதம், அதாவது 2026 ஜூன். அதற்கு மேல் நிலுவைக்கு ஆண்டுக்கு 10 சதவீத வட்டி. படிவம் தாக்கல் செய்ய நான்கு மாத அவகாசம் கேட்கலாம். பணம் கட்டுவதற்கு அவகாசம் இல்லை. கணக்கு முழுதாக முடியாவிட்டாலும் உத்தேசத் தொகையை முன்கூட்டியே கட்டிவிடுவது வட்டியை நிறுத்தும்.

இனி தொடக்கம். அண்ணன் வசித்த கவுண்டியின் (மாவட்டத்தின்) சரோகேட் அலுவலகத்துக்கு, அதாவது உயில்களைச் சரிபார்த்து ஏற்கும் அலுவலகத்துக்கு, உயிலின் அசலையும் சான்றளிக்கப்பட்ட இறப்புச் சான்றிதழையும் எடுத்துச் செல்லுங்கள். தகராறு இல்லாத, முறையாகக் கையெழுத்தான உயில் என்றால் நீதிபதி முன் நிற்க வேண்டியதில்லை. பெரும்பாலும் எளிதாகவே முடியும், இதற்கென்று வக்கீல் இல்லாமலும் சமாளிக்கலாம். நகல் மட்டும்தான் இருக்கிறது என்றால் கதை வேறு. உயர் நீதிமன்றம் போக வேண்டும். உங்களை எக்ஸிக்யூட்டராக அங்கீகரிக்கும் சான்றிதழ்களில் நாலைந்து கூடுதலாகவே வாங்குங்கள், ஒவ்வொரு வங்கியும் அசல் கேட்கும். ப்ரோபேட் கிடைத்த 60 நாட்களுக்குள் அம்மாவுக்கும் மற்ற வாரிசுகளுக்கும் எழுத்துபூர்வ அறிவிப்பு அனுப்ப வேண்டும். வீட்டுக்குள் எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று இதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

பிறகு எஸ்டேட்டுக்கெனக் கூட்டரசின் வரித்துறையான ஐஆர்எஸ்ஸிடம் ஒரு வரி எண் வாங்கி, அந்த எண்ணில் தனி வங்கிக் கணக்குத் தொடங்குங்கள். அண்ணனின் பணம் ஒரு டாலர்கூட உங்கள் சொந்தக் கணக்கு வழியாகப் போகக் கூடாது. வீட்டுக் கடன் தவணையையும் வீட்டுக் காப்பீட்டையும் விடாமல் கட்டுங்கள். ஆள் குடியில்லாத வீடு என்பதைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரியப்படுத்துவதும் அவசியம். இந்த மாநிலச் சட்டப்படி உங்களுக்கு எழுதப்பட்ட வீடு கடனோடு சேர்ந்தே வருகிறது. அம்மாவின் பங்கிலிருந்து அந்தக் கடனை அடைக்கும்படி கேட்க முடியாது. இறந்த நாளன்று வீட்டின் மதிப்பு என்ன என்பதற்கு ஒரு மதிப்பீட்டாளரின் அறிக்கை வாங்கி வையுங்கள். மரபுரிமை வரிக்கு அதுதான் அடிப்படை. அதோடு, அண்ணன் அந்த வீட்டை எவ்வளவு குறைவாக வாங்கியிருந்தாலும், நாளை நீங்கள் விற்கும்போது கூட்டரசு உங்கள் லாபத்தை இந்த மதிப்பிலிருந்துதான் கணக்கிடும். 5,60,000க்கு மதிப்பிட்டு 5,70,000க்கு விற்றால் லாபம் 10,000 மட்டுமே, அதிலும் விற்பனைச் செலவு கழியும்.

கடன் அட்டை நிறுவனங்கள் தொலைபேசியில் அழைக்கும். உங்கள் பணத்திலிருந்து கட்டாதீர்கள். அது உங்கள் கடன் அன்று. இங்கே கடன்காரர்கள் தங்கள் கோரிக்கையை முன்வைக்க இறந்த நாளிலிருந்து ஒன்பது மாதம் இருக்கிறது. அதற்கு முன்பும், வரி தீர்வதற்கு முன்பும் அவசரப்பட்டுப் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டு, பிறகு எஸ்டேட்டில் பணம் போதாமல் போனால், வரிக்கு எக்ஸிக்யூட்டரே சொந்தப் பொறுப்பில் பதில் சொல்ல வேண்டி வரும். இந்த வேலையில் நல்லெண்ணத்தால் செய்யப்படும் தவறுகளில் இதுவே அதிகம். ஊரில் அம்மாவுக்கு மருத்துவச் செலவு என்றால் யாருக்குத்தான் கை நிற்கும்? அனுப்பியே ஆக வேண்டுமென்றால், எவ்வளவு நிறுத்தி வைக்க வேண்டும் என்று வக்கீலிடம் கேட்டு, பகுதியை மட்டும் அனுப்புங்கள். வங்கியும் முழுத்தொகையை உடனே தராது. வரித்துறையின் விடுவிப்புக் கடிதம் வரும்வரை பாதியளவே எடுக்க விடும். வீட்டை விற்பதென்றாலும் அந்தக் கடிதம் தேவை.

அண்ணன் இருந்த நாட்களுக்கான இறுதி வருமான வரிப் படிவம், அவர் மறைந்த பின் எஸ்டேட்டுக்கு வரும் வட்டி முதலிய வருமானம் ஓர் ஆண்டில் 600 டாலரை எட்டினால் 1041 படிவம், இவை இரண்டையும் கணக்காளர் பார்த்துக்கொள்வார்.

வக்கீலை எதற்கு அழைப்பது என்பது இதற்குள் விளங்கியிருக்கும்: உயிலின் வரி வாக்கியத்தைப் படித்துச் சொல்ல, மரபுரிமை வரிப் படிவத்தைத் தயாரிக்க, பங்கீட்டை முடித்துவைக்க. முதல் சந்திப்பிலேயே கட்டணம் மணிக்கணக்கிலா, மொத்தத் தொகையா, வரிப் படிவம் அதில் அடக்கமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நியாயமான கட்டணத்தை எஸ்டேட்டிலிருந்தே கொடுக்கலாம். அவர் எக்ஸிக்யூட்டராகிய உங்களுக்கு வக்கீல், அம்மாவுக்கு அல்லர் என்பதையும் நினைவில் வையுங்கள். வரி வாக்கியத்தில் உங்கள் நலனும் அம்மாவின் நலனும் எதிரெதிரே நின்றால், அம்மாவுக்கு வேறொருவர் ஆலோசனை சொல்வதே முறை.

சேலத்து மனைக்கு நியூ ஜெர்சியின் மரபுரிமை வரி இல்லை, வேறிடத்து நிலம் என்பதால். இந்தியா தன் எஸ்டேட் வரியை 1985இலேயே நீக்கிவிட்டது. உயில்வழி வரும் சொத்தும் பணமும் அம்மாவுக்கு அங்கே வருமானமாகக் கருதப்படாது. ஆனால் இங்குள்ள வக்கீலால் அங்கே பட்டா மாற்றித் தர முடியாது. ப்ரோபேட் ஆன உயிலின் சான்றிட்ட நகலுக்கு, வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான அப்போஸ்டில் முத்திரை பெற்று, அதை வைத்து அங்குள்ள ஒரு வக்கீல் மூலம் தொடர வேண்டும். பங்கைப் பெறும்போது, பின்னால் கடன் ஏதும் தெரியவந்தால் உரிய தொகையைத் திருப்பித் தருவதாக அம்மா ஒரு பத்திரத்தில் கையெழுத்திட வேண்டியிருக்கும். அதை ஊரிலேயே நோட்டரி முன் கையெழுத்திட்டு அனுப்பலாமா, எந்த வடிவில் என்று இங்குள்ள வக்கீலிடம் முதலிலேயே கேட்டுவிட்டால், வயதானவரை இரண்டாம் முறை அலைய வைக்க வேண்டியிராது.