இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில்

கேள்வி: எனக்கு வயது 44. திருகோணமலையில் கடற்கரையை அண்டி இருக்கிறோம். கணவர் இரவில் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். அவர் போன இரவுகளில் இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும், நெஞ்சு படபடக்கும். அரை மணித்தியாலம் ஆகியிருக்கும் என்று நினைத்து மணிக்கூட்டைப் பார்த்தால் ஐந்து நிமிடம்தான் போயிருக்கும். பகலில் தையல் மெஷினில் உட்கார்ந்தால் மத்தியானம் வந்ததே தெரியாது. சில மாதங்களாக அவர் வீட்டில் நிற்கும் இரவுகளிலும் படபடப்பு வருகிறது. என் மூளையில் ஏதும் கோளாறா, டொக்டர்?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதில் மூளைக் கோளாறுக்கான அறிகுறி எதுவும் தெரியவில்லை, சகோதரி. என்னை யோசிக்க வைத்தது, அவர் வீட்டில் நிற்கும் இரவுகளிலும் படபடப்பு வருகிறது என்ற வரிதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒளிக்குக் கண், ஒலிக்குக் காது என்று இருப்பதுபோல நேரத்துக்கென்று தனிப் புலன் நமக்கு இல்லை. இதயத் துடிப்பு, மூச்சு, உடற்சூடு, வயிற்றைப் பிசைவது போன்ற உள்ளுடம்பின் செய்திகளைச் சேர்த்து உணரும் ‘இன்சுலா’ என்ற பகுதி மூளையின் பக்க மடிப்புக்குள் இருக்கிறது. நேரம் எவ்வளவு போனது என்ற உணர்விலும் அதற்குப் பங்குண்டு என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். 1930களில் ஹட்சன் ஹோக்லண்ட் என்ற அமெரிக்க உடலியல் அறிஞரின் மனைவி காய்ச்சலில் படுத்திருந்தார். சற்று நேரம் வெளியே போய்வந்த கணவரை, நெடுநேரமாகக் காணவில்லையே என்று கோபித்துக்கொண்டார். ஹோக்லண்ட் சும்மா விடவில்லை. நொடிக்கு ஒன்றாக 60 வரை எண்ணும்படி மனைவியிடம் சொல்லி, தான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் ஏற ஏற அவர் வேகமாக எண்ணினார். உள்ளே ஒரு நிமிடம் முடிந்துவிட்டது, வெளியே இன்னும் முடியவில்லை. காய்ச்சல்காரியை வைத்து ஆராய்ச்சி செய்த அந்தக் கணவரைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயமும் உண்டு.

படபடப்பிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. அதோடு இருட்டு. கவனம் போக வேறிடம் இல்லை. காது மட்டும் அவருடைய எஞ்சின் சத்தத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது. நேரத்தையே கவனித்துக்கொண்டிருந்தால் நேரம் நீளத்தான் செய்யும். எங்கள் வெளிநோயாளர் பிரிவு வரிசையில் பல்வலியோடு நிற்பவரைக் கேட்டுப் பாருங்கள், அரை மணித்தியாலத்தை இரண்டு என்பார். அவர் பொய் சொல்லவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று தண்ணீருக்குள் அகப்பட்டவர்களும் ‘முடியவே இல்லை’ என்றுதான் சொல்வார்கள். ஆனால் அது வேறு வகை. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், 31 மீட்டர் உயரத்திலிருந்து வலைக்குள் விழச் செய்யப்பட்டவர்கள், மற்றவர்கள் விழுந்த நேரத்தைவிடத் தாங்கள் விழுந்த நேரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம் என்றார்கள். ஆனாலும் விழும்போது அவர்களின் கண் கூடுதல் வேகத்தில் எதையும் பார்க்கவில்லை. பயத்தில் நினைவு அடர்த்தியாகப் பதிகிறது. பிறகு எடுத்துப் பார்க்கையில் நீளமாகத் தெரிகிறது. உங்கள் இரவோ நடக்கும்போதே நீள்கிறது.

இனி அந்த வரி. கவலை இல்லாத இரவிலும் நெஞ்சு படபடக்கிறது என்றால், எல்லாவற்றையும் கடலின் மேல் போட்டுவிட நான் தயாரில்லை. தைரொயிட் கூடினாலும், இரத்தம் குறைந்தாலும், இதயத்தின் தாளம் பிசகினாலும் இப்படி வரலாம். உங்கள் வயதில் மாதவிடாய் ஒழுங்கு மாறத் தொடங்கும்போதும் வியர்வையும் படபடப்புமாக விழிப்பு வருவதுண்டு. இந்த வாரமே வைத்தியசாலைக்குப் போய் ஈ.சி.ஜி., இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தைரொயிட் பரிசோதனைகளைப் பற்றிக் கேளுங்கள். அதற்கிடையில் படபடப்பு வரும்போது மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடியை எண்ணி, துடிப்பு சீராக இருந்ததா, இடையில் தவறியதா என்றும் குறித்துக்கொண்டு போங்கள். எனக்கு அந்தத் தாள் பெரிய உதவியாக இருக்கும். உங்களைப் பார்க்கும் வைத்தியருக்கும் அப்படித்தான். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் ஏதும் சேர்ந்து வந்தால் காத்திருக்க வேண்டாம், 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.

நாடி எண்ண மட்டும் மணிக்கூட்டைப் பாருங்கள், மற்ற நேரத்தில் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். மாலைக்குப் பிறகு தேநீர் வேண்டாம். விழிப்பு வந்தால் படுத்துப் புரளாமல் எழுந்து, சின்ன வெளிச்சத்தில் ஒரு பொத்தானாவது தையுங்கள். அவரிடமும் சொல்லுங்கள்: கரைக்குக் கிட்ட வந்து சிக்னல் கிடைத்ததும் ஓர் அழைப்பு. பரிசோதனை முடிவுகள் வந்ததும் எழுதுங்கள்.