வேனில் பார்த்தது, போனில் வந்தது

"என் மகன் ஒன்பதாம் வகுப்பு. யாரையும் ஒரு சொல் சொல்லாதவன். போன வாரம் பள்ளியில் கூப்பிட்டுச் சொல்கிறார்கள், கூடப் படிக்கும் ஒரு பையனின் போட்டோவைக் கேவலமாக மாற்றி, பொய்ப் பெயரில் இன்ஸ்டாகிராமில் போட்டது இவன்தானாம். கேட்டால் 'சும்மா ஜாலிக்கு' என்கிறான். போன வருஷம் ஸ்கூல் வேனில், திக்கித் திக்கிப் பேசும் பையன் ஒருவனைப் பெரிய பசங்க 'பெருந்துறைன்னு சொல்லுடா' என்று தினமும் படுத்துவதாக இவனே வருத்தப்பட்டுச் சொன்னான். நமக்கெதுக்குக் கண்ணு வம்பு, ஜன்னலைப் பார்த்துட்டு வா என்றேன். அவ்வளவு இரக்கப்பட்டவன் இப்படிச் செய்வானா?"
– பெயர் வேண்டாம், கோபி பக்கம்

செய்வானுங்க அம்மணி. அந்த வேனில் அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கலாம், ஆனால் காது திறந்துதானே இருந்தது? ஒரு வருஷம் தினமும் கேட்டதில் அவனுக்குப் புரிந்த கணக்கு ரொம்பச் சின்னது: படுத்துகிறவனுக்குச் சிரிப்பு கிடைக்கிறது, படுகிறவனுக்கு உதவ யாரும் வருவதில்லை, உதவச் சொல்லி அம்மாவும் சொல்லவில்லை.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1961-ல் அமெரிக்காவில், காற்றடைத்த பொம்மையைப் பெரியவர் ஒருவர் அடிப்பதைச் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டினார். பார்த்த பிள்ளைகளில் பலர் அதே அடியை அதே வார்த்தையோடு திருப்பிச் செய்தார்கள். 1965-ல் வந்த இன்னொரு சோதனைதான் உங்கள் வீட்டுக்குப் பொருந்துகிறது. அடித்தவருக்குத் தண்டனை கிடைத்ததைப் பார்த்த பிள்ளைகள் குறைவாகவே அடித்தார்கள். உங்கள் வேனில் யாருக்காவது ஏதாவது கிடைத்ததா?

ஆனாலும் நேரில் ஒருவனைப் படுத்த உங்கள் மகனுக்குத் தைரியமில்லை, அதனால்தான் போன். அங்கே தன் பெயர் தெரியாது, எதிராளியின் முகம் கோணுவதும் தெரியாது, கண்ணில் தண்ணீர் வந்தால் நமக்கே ஒரு மாதிரி ஆகி நிறுத்துவோமே, அந்தக் கடிவாளமே அங்கே கிடையாது. 'ஜாலிக்கு' என்ற வார்த்தையையும் அவன் வேனில்தான் எடுத்திருப்பான். செய்வது தப்பு என்று தெரிந்தும் மனசு உறுத்தாமல் இருக்க எல்லோரும் முதலில் செய்வது பெயரை மாற்றுவதுதான். (பெரியவர்கள் நாம் அதையே 'கண்டிப்பு' என்போம், விடுங்கள்.)

கொடுமையைப் பார்த்த எல்லாப் பிள்ளையும் இப்படி ஆவதில்லை. சிலர் குறுக்கே போய் நிற்கிறார்கள், சிலர் பயந்து பள்ளிக்கே போகமாட்டேன் என்கிறார்கள். அதனால் வேனைச் சொல்லி அவன் செய்ததை மன்னித்துவிடாதீர்கள்.

போனைப் பிடுங்கி பீரோவில் வைப்பது மட்டும் போதாது. முதலில், அன்றைக்கு உன்னை வாயை மூடச் சொன்னது என் தப்பு என்று நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் கஷ்டம்தான், ஆனால் அதற்கப்புறம்தான் அவன் வாய் திறப்பான். பள்ளிக்காரர்கள் பார்த்து, ஆதாரத்துக்குப் படம் எடுத்துக்கொண்ட பிறகு, பதிவுகளை அவன் கையாலேயே அழிக்கட்டும். அந்தப் பையன் வீட்டில் சம்மதித்தால் கூட்டிப் போய் நேரில் மன்னிப்புக் கேட்க வையுங்கள், வாட்ஸ்அப்பில் 'சாரி' வேண்டாம். வீட்டில் பேசி ஆகவில்லையென்றால் 14416-ல் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி மைய ஆலோசகர்கள் தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் கிடையாது.

அப்புறம், பெருந்துறை சொல்லச் சொன்னார்களே அந்தப் பையன், அவன் இன்னும் அதே வேனில்தான் வருகிறானா? மகனிடம் கேளுங்கள். ஆமாம் என்றால் நாளைக்கே பள்ளிக்குப் போன் போடுங்கள், உங்கள் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு.