டெக்சாஸில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல க்ளாக் 19-ஆ, சிக் பி365-ஆ?

மறைப்பது மட்டும்தான் கணக்கு என்றால் 2018-ல் வந்த பி365. சட்டைக்கு வெளியே துருத்தாது, அத்தனை சின்ன உடம்பில் 9 எம்எம் தோட்டா 10 பிடிக்கும். ஆனால் எடை குறைந்தால் உதைப்பு கூடும், அடி தட்டையான மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) போட்டால் சுண்டுவிரல் அந்தரத்தில் நிற்கும், பயிற்சிக்குப் போகவே சலித்துவிடும். க்ளாக் 19 தடிமன்தான், ஆனால் 15 தோட்டா, கை நிறையப் பிடிக்கலாம். புதிதாகச் சுடுபவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். கடையில் தூக்கிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், துப்பாக்கி வாடகைக்குத் தரும் ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் கூடம்) இரண்டையும் சுட்டுப் பாருங்கள். அப்புறம் உறை. இதில் கஞ்சத்தனமே கூடாது: க்ளாக்கில் கட்டைவிரலால் போடும் பூட்டு கிடையாது, உறையில் செருகும்போது சட்டை நுனி விசையில் மாட்டினால்கூட வெடித்துவிடலாம், அதனால் விசையை முழுசாக மூடும் கைடெக்ஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக் உறைதான். 2021-லிருந்து டெக்சாஸில் 21 வயது நிரம்பிய பெரும்பாலோருக்குத் துப்பாக்கி எடுத்துச் செல்ல லைசென்ஸ் கட்டாயமில்லை, ஆனாலும் எடுத்துவிடுங்கள், வெளிமாநிலம் போனால் உதவும்.