தனியாகச் செய்விக்கும் ஒற்றை ரவை இலக்கு ரைபிளுக்கு எந்த அக்ஷனைத் தெரிவு செய்வது?

கேள்வியைக் கேட்ட தம்பி தன்னுடைய நிலைமையை விளக்கமாகவே எழுதியிருக்கிறார். அவர் இங்கிலாந்தின் சறே பகுதியில் வசிக்கிறார். தந்தையார் களுவாஞ்சிக்குடியைச் சேர்ந்தவர். உள்ளூர்ச் சுடும் கழகமொன்றில் நான்கு வருடங்களாக உறுப்பினராக இருந்து, படுத்த நிலையில் 50 மீற்றர் தூரத்துக்கும், கோடையில் 100 யார் தூரத்துக்கும் .22 எனப்படும் சிறு ரவையால் சுடுகிறார். இடது கைப் பழக்கமுடையவர். நல்ல சுடுகுழல் ஒன்றை வாங்கித் தனக்கெனவே ஒரு ரைபிளைச் செய்விக்கப் பணம் சேர்த்துவிட்டார். கழகத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் தம்முடைய பழைய ரைபிளான, பி.எஸ்.ஏ. நிறுவனத்து மார்ட்டினி இன்டர்நஷனலைக் குறைந்த விலைக்குத் தர முன்வந்திருக்கிறார். மார்ட்டினியின் மேல் புதிய குழலைப் பூட்டுவதா, அழகான கீழிறங்கு கட்டை அக்ஷன் (ரவையை அடைத்துப் பூட்டும் பொறி) ஒன்றைத் தேடுவதா, அல்லது எல்லோரையும் போல், கைப்பிடியுள்ள உருளையை முன்னும் பின்னும் நகர்த்தித் திறந்து மூடும் போல்ட் அக்ஷனுக்கே போவதா என்பதுதான் கேள்வி.

இடது கைக்காரருக்கென்றே செய்யப்பட்ட, ஒற்றை ரவை ஏற்றும் போல்ட் அக்ஷனுக்கே போங்கள் என்பது என்னுடைய பதில். ஆனால் மார்ட்டினியையும் வாங்கிவிடுங்கள். இதற்கான காரணங்களை விளக்கச் சற்று நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் மட்டக்களப்பு கல்லடியில் வசிக்கிறேன். என் தந்தையாரின் லேத் பட்டறையில் நெல் ஆலைகளின் அச்சுத்தண்டுகளையும் தண்ணீர்ப் பம்பிகளையும் திருத்தப் பழகி, 1984 இல் பர்மிங்காமுக்குப் போய், அங்கே ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்த்து, ஓய்வு பெற்ற பின் ஊருக்குத் திரும்பியவன். அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி வியாழக்கிழமை மாலைகளை ஒரு சிறு கழகத்தின் 25 யார் உள்ளரங்கில் கழித்தேன். துவக்குக் கம்மியர் அல்லன். ஆனால் உலோகம் எப்போது வளையும், எப்போது வளையாது என்பது எனக்கு ஓரளவு தெரியும். இந்தக் கேள்விக்கு அந்த அறிவுதான் அதிகம் தேவைப்படுகிறது.

அக்ஷன் என்பது ரவையைக் குழலின் பின்வாயில் அடைத்துப் பூட்டி, ஊசியால் அடித்து, பின்னர் வெறுங்கோதை வெளியே எடுக்கும் பொறி. நம்மவர்களுக்குப் பழக்கமான உதாரணம் ஒற்றைக்குழல் வேட்டைத் துவக்கு. படுவான்கரையில் போடியாராக இருந்த என் பெரிய மாமாவிடம் அனுமதிப்பத்திரத்துடன் அப்படியொன்று இருந்தது. கீலில் முறிந்து திறக்கும். ரவையைப் போட்டு மூடினால் பூட்டிக்கொள்ளும். வயலுக்குள் இறங்கும் பன்றிக்கு அது போதும். ஆனால் 50 மீற்றர் இலக்கின் நடுவிலுள்ள பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீற்றர் மட்டுமே. திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் குழலே அசைகின்ற ஒரு பொறியைக் கொண்டு அந்த வளையத்தைத் தொடர்ந்து அடிப்பது கடினம். எனவே குழல் அசையாமலிருக்க, பின்வாயை அடைக்கும் கட்டை மட்டும் அசைகின்ற மூன்று வகைகளைப் பற்றியே பேசுவோம்.

துல்லியத்தைக் குழலும் ரவையும் தருகின்றன. அக்ஷன் தன் பங்காக எதையும் கூட்டிக் கொடுப்பதில்லை. கெடுக்காமல் விட்டாலே அது நல்ல அக்ஷன். ஆகவே எது சிறந்தது என்று கேட்பதை விட, இது எங்கே கெடுக்கும் என்று கேட்டுப் பார்ப்பது பயனுள்ளது. நான் இதைப் பணம் கொடுத்துக் கற்றேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், எனக்கும் உங்களைப் போலவே ஓர் ஆசை வந்தது. கீழிறங்கு கட்டை அக்ஷன்களின் அழகில் மயங்கினேன். ஜோன் மோசஸ் பிரவுனிங் 1879 இல் காப்புரிமை பெற்று, பின்னர் வின்செஸ்டர் நிறுவனம் 1885 மாதிரியாக வெளியிட்ட பொறியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்த மயக்கம் புரியும். கீழேயுள்ள நெம்பை இறக்கினால் உருக்குக் கட்டை செங்குத்தாக வழுக்கி இறங்கும். ஏற்றினால் பெட்டகக் கதவு போல் அடைத்துக்கொள்ளும். பலத்தில் அதைக் குறை சொல்ல முடியாது. போல்ட் பின்னே ஓடுவதற்கு இடம் தேவையில்லாததால், அதே நீளக் குழலுக்கு ரைபிளின் மொத்த நீளம் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் குறையும். அத்தகைய அக்ஷன் ஒன்றைத் தேடிப் பிடித்து, ஒரு கம்மியரிடம் கொடுத்து, .22 குழல் பூட்டுவித்தேன். மேசையில் மணல் மூட்டையின் மேல் வைத்துச் சுட்டபோது ஐந்து சன்னங்களும் ஒரே துளைக்குள் போயின. பாயில் படுத்து, ரைபிளோடு பூட்டிய வாரைக் கையில் இறுக்கிச் சுட்டபோதோ, குறி தாழ்ந்து ஒன்றரை வளையம் விலகியது. அதுவும் நாளுக்கு நாள் வெவ்வேறு அளவில் விலகியது. முதலில் ரவையைக் குறை சொன்னேன். பிறகு கண்ணைக் குறை சொல்லிப் புதிய மூக்குக்கண்ணாடி வாங்கினேன். மூன்று மாதங்கள் இப்படியே போயின.

காரணம் மிக எளிமையானது. இந்த வகை ரைபிளில் மரம் இரண்டு துண்டுகளாக இருக்கும். பின்னால் தோளில் அணைக்கும் பிடங்கு, முன்னால் முன்மரம், நடுவில் அக்ஷனின் உடல். என் கம்மியர் முன்மரத்தைக் குழலின் அடியிலேயே திருகாணியால் பூட்டியிருந்தார். வார் முன்மரத்தை இழுத்தது. முன்மரம் குழலை இழுத்தது. உருக்குக் குழல் ஒரு மனிதனின் கையிழுப்புக்கு வளையுமா என்று கேட்காதீர்கள். கடைசல்காரனான நானே அதைக் கேட்டு ஏமாந்தேன். 65 சென்ரிமீற்றர் நீளமான தண்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நடுவில் இழுத்தால் தலைமயிர் அளவு வளையத்தான் செய்யும். இலக்கில் சில மில்லிமீற்றர் விலக அந்தத் தலைமயிர் அளவே போதும். கழகத்தில் எழுபது வயதைக் கடந்த ஒருவர், முன்மரத்துக்கும் குழலுக்கும் இடையில் ஒரு கடதாசித் துண்டை நுழைக்க முயன்று, அது போகாததைக் காட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். பிறகு அக்ஷனின் உடலிலிருந்து முன்னோக்கி நீளும் தனித்தண்டு ஒன்றில் முன்மரத்தைத் தொங்கவிட்டுச் சீராக்கினேன். 1967 இல் வெளிவந்த ரூகர் நம்பர் 1 இல் இத்தகைய தண்டு ஆரம்பத்திலிருந்தே இருந்தும், அதன் உரிமையாளர்களில் பலர் முன்மரத்தின் அழுத்தத்தோடு போராடிக்கொண்டே இருப்பார்கள். ஆகவே நின்ற நிலையில் வாரின்றிச் சுடுபவருக்குக் கீழிறங்கு கட்டை நல்ல துணை. வாரைக் கட்டிப் படுத்துச் சுடும் உங்களுக்கு அது ஏற்றதல்ல. போதாக்குறைக்கு, நீளமான நெம்பு கீழே இறங்கும் ஒவ்வொரு தடவையும் பாயில் இடிக்கும். அதற்காக ரைபிளைச் சரித்தால் தோளில் அமைந்த நிலை கலையும்.

இரண்டாவதாக, ஊசியின் அடி. .22 ரவையில் தீமூட்டும் இரசாயனம் அடியின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால், ஊசி விளிம்பின் எந்த இடத்தில், எவ்வளவு பலத்துடன், எவ்வளவு ஒரே சீராக அடிக்கிறது என்பது சன்னத்தின் வேகத்தைத் தொடுகிறது. போட்டி ரவை ஒலியின் வேகத்துக்குக் கீழே, செக்கனுக்கு ஏறத்தாழ 325 மீற்றரில் புறப்படுகிறது. 50 மீற்றரைக் கடக்க 0.16 செக்கன் எடுக்கும். அதற்குள் 12 சென்ரிமீற்றருக்கும் மேல் கீழே விழும். ஒரு சன்னம் செக்கனுக்கு 10 மீற்றர் மெதுவாகப் புறப்பட்டால், மற்றவற்றை விட 7 அல்லது 8 மில்லிமீற்றர் தாழ்ந்து விழும் என்பதைக் கடதாசியில் கணக்கிட்டுப் பார்க்கலாம். அது ஏறக்குறைய ஒரு முழு வளையம். தேய்ந்த ஊசியும் தளர்ந்த வில்லும் உள்ள ஒரு பழைய அக்ஷனில் புதிய குழலைப் பூட்டினால், குழலுக்குக் கொடுத்த பணத்தை ஊசி தின்றுவிடும். மார்ட்டினியை வாங்கும்போது, சுட்ட கோதுகள் பத்தை எடுத்து அவற்றின் விளிம்பிலுள்ள பள்ளங்களை உருப்பெருக்கியால் ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தும் ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும்.

இதே வரிசையில் வருவது, விசையை இழுத்த கணத்திலிருந்து ஊசி அடிக்கும் கணம் வரையுள்ள இடைவெளி. சன்னம் குழலுக்குள் இருப்பதே இரண்டு மூன்று மில்லிசெக்கன்தான். அதனுடன், ஊசியை அடிக்கும் சுத்தியலான பாரமான குதிரை சுழன்று வந்து அடிக்கும் நேரமும் சேர்ந்தால், அந்த நேரம் முழுவதும் உங்கள் கை அசையாதிருக்க வேண்டும். மார்ட்டினிகளில் கட்டைக்குள்ளேயே ஊசி குறுகிய தூரம் பாய்வதால் இந்த இடைவெளி சிறியது. ஒரு காலத்தில் பிரித்தானியக் கழகங்களை அவை ஆண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

மார்ட்டினியைப் பற்றி மனம் நிறையவே சொல்லலாம். அமெரிக்கரான பீபொடியின் பொறியைச் சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த பிரெடரிக் வொன் மார்ட்டினி மாற்றியமைத்தார். பிரித்தானிய இராணுவம் 1871 இல் அதை மார்ட்டினி ஹென்றியாக ஏற்றது. பின்பக்கக் கீலில் தொங்கும் கட்டையின் முன்முனை மட்டும் கீழே சாயும். மேலுள்ள பள்ளத்தில் ரவையை வைத்துப் பெருவிரலால் தள்ளினால் போதும். நெம்பு குறுகியது. இடம் வலம் என்ற பேதமே இல்லாததால் இடது கைக்காரருக்கு அது வரப்பிரசாதம். ஆனால் பின்னாலிருந்து துப்புரவுக் கம்பியை நேராக நுழைக்கப் பெரும்பாலான மார்ட்டினிகளில் வழியில்லை. முன்வாயால் நுழைத்தால், குழலின் மிக முக்கியமான இடமான அந்த விளிம்பே உரசித் தேயும். அதைவிடப் பெரிய தடை, பி.எஸ்.ஏ. இன்டர்நஷனல் பல தசாப்தங்களாக உற்பத்தியில் இல்லை என்பது. ஊசி உடைந்தால் யாராவது கடைந்துதான் தர வேண்டும். நான் கடைந்து கொடுத்திருக்கிறேன். வெப்பப் பதம் சரியாக அமையாமல் இரண்டை வீணாக்கியும் இருக்கிறேன்.

ஒற்றை ரவை போல்ட் அக்ஷனுக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. பல ரவைகளை அடுக்கி வைக்கும் ரவைக்கூட்டுக்காக அடியில் வெட்டு இல்லாததால் அதன் உடல் முழு உருக்காக, விறைப்பாக இருக்கும். மரமோ அலுமினியமோ ஒரே துண்டு. அக்ஷன் மட்டும் அதில் இறுகப் பதிந்து, குழல் எதையும் தொடாமல் காற்றில் நிற்கும். வாரின் இழுப்பு குழலை எட்டாது. போல்டை உருவி எடுத்தால் பின்னாலிருந்து நேராகத் துப்புரவு செய்யலாம். அன்ஷூட்ஸ், வோல்தர், பெயின்வெர்க்பௌ போன்ற ஜேர்மன் தயாரிப்புகளின் விசைகளையும் உதிரிப் பாகங்களையும் இன்றும் வாங்கலாம். அன்ஷூட்ஸின் 54 வரிசையில் இடது கைப் பதிப்பும் உண்டு. அக்ஷனைத் தனியாக வாங்குவதானால், ரெமிங்டன் 700 இன் அளவுகளை ஒத்து அமைந்தவற்றைப் பாருங்கள். அதற்கான விசைகள் பல நிறுவனங்களிலிருந்து வருவதால் ஒருவரையே நம்பியிருக்க வேண்டியதில்லை. வலது கை போல்டை இடது தோளில் வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அறுபது ரவைகள் சுடும் போட்டியில் அறுபது தடவை கையைக் குறுக்கே கொண்டுபோக வேண்டியிருக்கும்.

பிற்காலத்தில் பிஸ்லி சுடுதளத்தில் 1000 யார் வரை சுட ஆசை வந்தால், அது .308 போன்ற பெரிய ரவைக்கான வேறொரு ரைபிள். இரண்டுக்கும் ஒரே அக்ஷன் என்ற கனவை விட்டுவிடுங்கள்.

அக்ஷன் மீது அதிகம் நம்பிக்கை வைப்பவர்களுக்கு நான் சொல்லும் ஒரு பழைய கதை உண்டு. 1874 இல் நியூயோர்க்குக்கு அருகேயுள்ள கிரீட்மூரில் அயர்லாந்து அணி முன்வாயால் மருந்திடும் ரிக்பி ரைபிள்களுடனும், அமெரிக்க அணி பின்வாயால் ரவையிடும் ஷார்ப்ஸ், ரெமிங்டன் ரைபிள்களுடனும் மோதின. அமெரிக்கர்கள் 934க்கு 931 என்று வென்றார்கள். புதிய பொறியின் வெற்றி என்று எல்லோரும் எழுதினார்கள். ஆனால் அயர்லாந்து வீரர் ஒருவருடைய சன்னம் பக்கத்து இலக்கின் நடுவில் போய் விழுந்து, புள்ளி எதையும் பெறாமல் போனது. அது அவருடைய இலக்கிலேயே விழுந்திருந்தால் முடிவே மாறியிருக்கும்.

சட்டத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. இங்கிலாந்தில் அக்ஷனைத் தனியாக வாங்குவதற்கும் பொலிஸ் வழங்கும் சான்றிதழில் இடம் இருக்க வேண்டும். ஆகவே கம்மியரிடம் முற்பணம் கொடுப்பதற்கு முன் அதைக் கேளுங்கள். புதிய குழல் பூட்டிய ரைபிள் இலண்டன் அல்லது பர்மிங்காம் பரிசோதனை மனையில் மிகை அழுத்த ரவையால் சோதிக்கப்பட்டு முத்திரை பெற வேண்டும். அதற்கான கட்டணமும் காலமும் மதிப்பீட்டில் அடங்கியுள்ளனவா என்று பாருங்கள். இதை இங்கிருந்து வாசிக்கும் அம்பாறை, மட்டக்களப்பு இளைஞர்களுக்கு: இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது, அனுமதியின்றித் துவக்கு செய்வது குற்றம். லேத் இருக்கிறதே என்று யாரும் நினைக்க வேண்டாம். விலங்குகளுக்குப் பொறியாகக் கட்டி வைக்கும் கட்டுத்துவக்கில் காலை இழந்தவரை எங்கள் பட்டறை வாசலிலேயே பார்த்திருக்கிறேன். நான் இங்கே ஒரு திருகாணியும் கடைவதில்லை.

தம்பி, இப்போது மார்ட்டினியை உள்ள குழலோடு அப்படியே வாங்கி, இந்தக் குளிர்காலம் முழுவதும் 25 யாரில் சுடுங்கள். அதற்கிடையில் கழகத்தில் இடது கை போல்ட் ரைபிள் வைத்திருப்பவரிடம் கேட்டு, அதே பாயில் படுத்து, கண்ணை இலக்கிலிருந்து எடுக்காமல் இருபது ரவைகளை ஏற்றி இறக்கிப் பாருங்கள். முழங்கை எத்தனை தடவை இடம் பெயர்ந்தது என்று பக்கத்தில் ஒருவரை எண்ணச் சொல்லுங்கள். பிறகு கம்மியரைத் தொலைபேசியில் அழைக்கலாம்.