டீசல் எஞ்சின் டைமிங் பெல்ட்டை முதல்முறை வீட்டில் மாற்றும்போது எங்கே தவறு நடக்கும்?

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டையும், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டையும் இணைக்கும் பல் வைத்த ரப்பர் பட்டைதான் டைமிங் பெல்ட். கிராங்க் 2 சுற்று சுற்றினால் கேம் சரியாக 1 சுற்று சுற்ற வேண்டும். ஒரே உரலில் இருவர் மாறி மாறி உலக்கை போடுவதுபோல, ஒருவர் தாளம் தப்பினால் இரண்டும் மோதிக்கொள்ளும். டீசலில் அழுத்தம் அதிகம், பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி மிகக் குறைவு. பெல்ட் அறுந்தால் வால்வு வளையும். பிறகு வால்வுகள் இருக்கும் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

ரெனால்ட் டஸ்டரின் 1.5 டீசலில், எஞ்சினைக் குளிர்விக்கும் நீரைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்பும் இதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. பம்ப் ஒழுகினால் செய்த வேலை முழுவதும் வீண். பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், பம்ப் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

எஞ்சின் ஆறியபின் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, எஞ்சினுக்கு அடியில் பலகை வைத்து ஜாக் முட்டுக் கொடுத்தபின்தான் எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்கை எடுக்க வேண்டும். கிராங்க் புல்லி போல்ட்டைத் தளர்த்த ஷாஃப்ட்களைச் சரியான டைமிங் நிலையில் நிறுத்தச் செருகும் லாக்கிங் பின்னை நம்பாதீர்கள், அது உடையும். டாப் கியர் போட்டு, ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். பின்கள் டைமிங்கைக் காட்ட மட்டுமே.

புது பெல்ட்டைக் கிராங்கிலிருந்து தொடங்கி, தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் சேரும்படி மாட்டுங்கள். டென்ஷனை வைத்ததும் பின்களை எடுத்து, ஸ்பேனரால் எஞ்சின் ஓடும் திசையில் 2 முழுச் சுற்று. பின்கள் மறுபடி தானாக நுழைய வேண்டும். நடுவில் கெட்டியாகத் தடுத்தால் அழுத்தாதீர்கள், ஒரு பல் தவறியிருக்கலாம். இதற்கு முன் ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது.

“வெடிப்பு இல்லை, இன்னும் ஓடும்” என்பார்கள். உள்ளிருக்கும் நார் களைத்திருப்பது வெளியே தெரியாது, அதனால்தான் கையேடு கிலோமீட்டரோடு ஆண்டுக் கணக்கையும் சொல்கிறது.